எம்சிபி விழுவது நின்றது, பிளக் சூடாகத் தொடங்கியது: ஒரு கராஜ் ஒர்க்‌ஷாப்பின் வயரிங் மாற்றம்

வாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆனால், கரண்ட் அளவு மீறினால் தானாக அறுக்கும் ஸ்விட்சான எம்சிபி விழுந்துவிடும். ஆரம்பத்தில் இருந்த தொல்லை இதுதான். கராஜை ஒர்க்‌ஷாப்பாக மாற்றி வைத்திருக்கும் நண்பர், யாரோ சொன்ன வைத்தியத்தைக் கேட்டு 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 போட்டார். விழுவது நின்றுவிட்டது. சில மாதம் கழித்து என்னிடம் வந்தபோது புகார் வேறாக இருந்தது: "அண்ணே, பிளக் சூடாகுது, ஒரு பின்னுகிட்ட பழுப்பா ஆயிடுச்சு. நல்ல கம்பெனி பிளக்கா மாத்திட்டா போதுமா?"

போதாது. எம்சிபி மெஷினைக் காப்பாற்ற வைத்த சாமான் இல்லை, தனக்குப் பின்னால் போகும் வயரைக் காப்பாற்ற வைத்தது. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால் காவல்காரனைத் தூங்க வைத்தது போலத்தான், சத்தம் வராது, அவ்வளவுதான். இதை அவரிடம் சொன்னபோது தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை, அதனால் மீட்டரை வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த அளவுகள்தான் முழு வேலைக்கும் வழி காட்டின, அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

இருந்த நிலைமை

கராஜ் வீட்டுக்குப் பின்பக்கம் தனியாக நிற்கிறது. மெயின் போர்டிலிருந்து பைப் வழியாக 2.5 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர் ஒரு ஜோடி, நீளம் ஏறத்தாழ 22 மீட்டர், சிங்கிள் பேஸ் 230 வோல்ட். கார் மட்டும் நின்ற காலத்தில் ஒரு டியூப்லைட்டுக்கும் ஒரு பிளக் பாயிண்டுக்கும் இது தாராளம். இப்போது அதே ஜோடி வயரில் வாள் மெஷினான டேபிள் சா 10 ஆம்பியர், தூசி உறிஞ்சி 6, கம்ப்ரசர் 9.5, ஒரு சின்ன லேத், ஆங்கிள் கிரைண்டர், அப்புறம் எப்போதாவது வெளியே எடுக்கும் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், அது முழு அளவில் 28 ஆம்பியர் இழுக்கும். சாவும் உறிஞ்சியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தன. பழுப்பான பிளக் அந்த பாக்ஸுடையதுதான்.

2.5 ஸ்கொயர் பிவிசி வயரைச் சுவரில் பைப்புக்குள் ஓட்டினால், சுற்றுச்சூடு 30 டிகிரியாக இருக்கும்போது அது தாங்குவது 24 ஆம்பியர். இது வயரிங்குக்கான சர்வதேச விதியான ஐஇசி 60364 அட்டவணையில் உள்ள எண். 40 டிகிரிக்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 21 வருகிறது. தகரக்கூரை கராஜில் மதியம் 40 டிகிரி சாதாரணம். இதற்கு மேலே 32 ஆம்பியர் எம்சிபி உட்கார்ந்திருக்கிறது. வீட்டு எம்சிபிகளுக்கான விதிப்படி, தன் அளவைப்போல் 1.45 மடங்கு கரண்ட் ஓடினால் அது ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும். 32-க்கு அது 46 ஆம்பியர். 21 தாங்கும் வயரில் 46 ஆம்பியர் முக்கால் மணி நேரம் ஓடினாலும் எம்சிபி தன் கடமையைச் சரியாகச் செய்ததாகத்தான் கணக்கு.

அளந்தபோது

மெயின் போர்டில் ஒரு மீட்டர், கராஜ் பிளக்கில் ஒரு மீட்டர், இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தோம். ஒரே ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தால், இடையில் சப்ளையே ஏறி இறங்கிவிடும், கணக்கு நிற்காது. சாவும் உறிஞ்சியும் ஓடும்போது 16 ஆம்பியர், போர்டில் 228 வோல்ட், கராஜில் 219. வழியில் 9 வோல்ட் தொலைகிறது.

வயர் மட்டும் எவ்வளவு தின்ன வேண்டும்? 2.5 ஸ்கொயர் காப்பருக்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக வர 44 மீட்டர், அதாவது 0.33 ஓம், 16 ஆம்பியருக்கு 5.2 வோல்ட். வயர் சூடேறினால் ரெசிஸ்டன்ஸும் ஏறும், அதைச் சேர்த்தாலும் 6-தான். மீதி 3 வோல்ட்டுக்குக் கணக்கு இல்லை. 3 வோல்ட்தானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் 3-ஐ 16-ஆல் பெருக்குங்கள், கிட்டத்தட்ட 50 வாட். ஏதோ ஒரு இடத்தில் 50 வாட் சூடு கொட்டிக்கொண்டிருக்கிறது, அந்த இடம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

பைப் போகும் வழியைத் தொடர்ந்து போனால் பாதியில், பரணுக்குப் பின்னால், ஒரு ஜங்ஷன் பாக்ஸ். முன்பு வயர் நீளம் பற்றாமல் அங்கே கையால் முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். பேஸ் ஜாயிண்ட் பரவாயில்லை. நியூட்ரல் ஜாயிண்டில் டேப் உருகிப் பாக்ஸின் மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பிய்த்து எடுத்தால் உள்ளே காப்பர் கறுத்துப் போயிருந்தது, இன்சுலேஷன் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்குக் கெட்டிப்பட்டு, வளைத்தால் பொரிந்து உதிர்ந்தது. பக்கத்திலேயே பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். நண்பர் அதைப் பார்த்தபிறகு பிளக் கம்பெனி பற்றிப் பேசவே இல்லை.

கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் கணம் தனிக்கதை. இந்த வகை மோட்டார் நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதியைப் போட்டுவிட்டுப் பார்த்தால், கராஜில் வோல்டேஜ் 190-ஐ ஒட்டி விழுகிறது. மோட்டாரின் டார்க், அதாவது சுற்றும் விசை, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 230-க்குப் பதில் 190 கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு டார்க் போய்விடும். டேங்கில் ஏற்கெனவே அழுத்தம் இருக்கும்போது கம்ப்ரசர் திக்கித் திணறிக் கிளம்புகிறது. வேகம் ஏறத் தாமதமானால், வேகம் வந்ததும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைக் கழற்றிவிட உள்ளே இருக்கும் சென்ட்ரிபியூகல் ஸ்விட்ச் திறக்காது, ஸ்டார்ட்டிங் வைண்டிங்கும் கெபாசிட்டரும் தேவைக்கு மேல் நேரம் கரண்ட்டில் கிடக்கும். பழைய 16 ஆம்பியர் எம்சிபி விழுந்தது இதனால்தான். அது சொன்னது உண்மை, யாரும் கேட்கவில்லை. ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் அடிக்கடி போகிறது என்று கம்ப்ரசரைத் திட்டுபவர்கள் முதலில் இந்த வோல்டேஜைப் பார்க்கலாம்.

எர்த் இருந்தது, வேலை செய்யவில்லை

மெயின் போர்டிலிருந்து வந்தது இரண்டு வயர்தான் என்று சொன்னேன். எர்த் எங்கே என்று கேட்டால், கராஜுக்கு வெளியே ஒரு கம்பியை அடித்து, அதிலிருந்து ஒரு வயரை இழுத்து பிளக் பாயிண்டின் எர்த்தில் கட்டியிருந்தார்கள். டெஸ்ட் லாம்ப் வைத்தால் எரியும். அதை நம்பித்தான் எல்லாரும் எர்த் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பேஸிலிருந்து எர்த் வழியாகத் திரும்பும் முழுப் பாதையின் (லூப்) ரெசிஸ்டன்ஸைக் காட்டும் லூப் மீட்டர் வைத்து அளந்தால் 38 ஓம். 230-ஐ 38-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். சா மெஷினுக்குள் பேஸ் வயர் பாடியைத் தொட்டால் 6 ஆம்பியர் மண்ணுக்குள் ஓடும், 32 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அது சும்மா இருக்கும், மெஷின் பாடியில் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டும் நிற்கும். கை வைப்பவர் வரும்வரை நிற்கும்.

மண்ணுக்குள் அடித்த கம்பி ஒன்றே உயிர் காக்கும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு, கம்பியை இன்னும் ஆழமாக அடி, உப்பு கரி போடு என்று ஆலோசனை சொல்பவர்களும் உண்டு. ரெசிஸ்டன்ஸ் 38-லிருந்து 15-க்கு இறங்கினாலும் 15 ஆம்பியர்தான் ஓடும், இந்த எம்சிபி விழாது. இரண்டு வழிதான் இருக்கிறது. சப்ளையின் எர்த்தை முறையாக வயரிலேயே கொண்டுவந்து லூப்பை ஒரு ஓமுக்குக் கீழே இறக்குவது ஒன்று. பேஸில் போகும் கரண்டுக்கும் நியூட்ரலில் திரும்பும் கரண்டுக்கும் 30 மில்லியாம்பியர் வித்தியாசம், அதாவது கசிவு, வந்தாலே அறுத்துவிடும் ஆர்சிசிபி வைப்பது இன்னொன்று. சப்ளையிலேயே எர்த் தராத இடங்களில் இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். இங்கே மெயின் போர்டில் லூப் 0.4 ஓம் இருந்தது, அதனால் இரண்டையும் செய்தோம்.

எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு

எல்லா மெஷினையும் கூட்டினால் 60 ஆம்பியரைத் தாண்டும். அப்படிக் கூட்டுவதில் அர்த்தமில்லை, ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்வது ஒரே ஆள், அவருக்கு இரண்டு கைதான். ஒரு நேரத்தில் கையில் ஒரு மெஷின், அதோடு தூசி உறிஞ்சி, அப்புறம் யாரையும் கேட்காமல் தானாக ஸ்டார்ட் ஆகும் கம்ப்ரசர், விளக்கு. 10, 6, 9.5, 1 என்று 26.5 ஆம்பியர். வெல்டிங் செய்யும்போது 28, விளக்கு 1. வெல்டிங்கும் சாவும் சேர்ந்து ஓடக் கூடாது, தீப்பொறியும் மரத்தூளும் ஒரே நேரத்தில் ஆகாது, அதனால் அவற்றைக் கூட்டவில்லை. 40 ஆம்பியர் போதும் என்று முடிவானது. வீட்டு இணைப்புக்கு அனுமதித்த சுமை இதைத் தாங்குமா என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் வயர் வாங்கினோம், பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மெயின் போர்டிலிருந்து 10 ஸ்கொயர், பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும். 30 டிகிரியில் 57 ஆம்பியர், 40 டிகிரியில் 49, அதற்குக் கீழே 40 ஆம்பியர் எம்சிபி நிம்மதியாக உட்காரும். 40-க்கு 6 ஸ்கொயர் போதாதா என்று கேட்டார். 6 ஸ்கொயர் 30 டிகிரியில் 41 தாங்கும், கராஜ் சூட்டில் 36-க்கு இறங்கிவிடும், போதாது. 10 ஸ்கொயருக்குக் கிலோமீட்டருக்கு 1.83 ஓம், இந்த நீளத்துக்கு மொத்தம் 0.08. முன்பு 9 வோல்ட் தின்ற அதே 16 ஆம்பியர் இப்போது 1.3 வோல்ட்தான் தின்னும். வழியில் ஒரு ஜாயிண்டும் கிடையாது, முழு நீள வயர்.

கராஜுக்குள் தனி டிபி, அதாவது லைன்களைப் பிரிக்கும் போர்டு. முன்னால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச், பிறகு ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ, அதாவது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது. ஒரே ஆர்சிசிபியை முன்னால் வைத்து எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் கட்டினால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் கிரைண்டரில் ஒரு கசிவு வந்தால் விளக்கும் சேர்ந்து அணையும், அதே நேரத்தில் சா பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். இருட்டில் சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் நிற்க நான் தயாரில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சாவுக்கும் கம்ப்ரசருக்கும் 4 ஸ்கொயரில் சி20 தலா ஒன்று, வெல்டிங்குக்கு 6 ஸ்கொயரில் சி32, கை மெஷின்களுக்கும் உறிஞ்சிக்கும் 2.5 ஸ்கொயரில் சி16, விளக்குக்கு 1.5-ல் பி6. எண் ஆம்பியரைக் குறிக்கும், எழுத்து வகையைக் குறிக்கும்; பி, சி, டி என்று போகப் போக உடனடியாக விழுவதற்கு அதிகக் கரண்ட் வேண்டும். மோட்டார் என்றாலே டி வகை போடுங்கள் என்று ஒரு பழக்கம் உண்டு. டி20 உடனடியாக விழுவதற்கு அதிகபட்சம் 400 ஆம்பியர் கேட்கும், அதாவது லூப் 0.57 ஓமுக்குள் இருக்க வேண்டும். சி20-க்கு 200 ஆம்பியர், 1.15 ஓம் போதும். கடைசி பிளக்கில் நமக்கு 0.55 வந்தது, சி-க்குத் தாராளம், டி-க்கு வயர் சூடானால் கைவிட்டுவிடும். சி-யில் கம்ப்ரசர் விழாமல் கிளம்பினால் டி-க்கு வேலையே இல்லை. கிளம்புகிறது.

லேத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. அதை விஎப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் கருவி, வைத்து ஓட்டும் யோசனை நண்பருக்கு இருக்கிறது. விஎப்டியின் பில்டர் சும்மா இருக்கும்போதே சில மில்லியாம்பியரை எர்த்துக்கு அனுப்பும், தவிர அதன் கசிவு சாதாரண சைன் அலை வடிவில் வராது, அதனால் சைன் அலைக் கசிவை மட்டும் கவனிக்கும் ஏசி வகை ஆர்சிபிஓ கண்ணை மூடிக்கொள்ளலாம். குறைந்தது ஏ வகை, சிங்கிள் பேஸ் விஎப்டி என்றால் எப் வகை. அதற்கு டிபியில் ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறோம்.

சின்ன முடிவுகள்

பிளக் பாயிண்ட் எல்லாம் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில். பிளைவுட் ஷீட்டின் அகலம் 1.22 மீட்டர், அதைச் சுவரில் படுக்கைவாட்டில் சாய்த்தால் அதற்குக் கீழே இருக்கும் பாயிண்ட் எல்லாம் மறைந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு, கார் இன்னும் எப்போதாவது உள்ளே வருகிறது, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம்தான் தேங்கும். மரத்தூள் பறக்கும் இடத்தில் தூசி புகாதபடி மூடியுள்ள ஐபி54 பாக்ஸ். சாதாரண சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மாவு மாதிரி தூள் படிந்திருந்தது, ஸ்பார்க் வரும் இடத்திலேயே.

விளக்கில் கொஞ்சம் நேரம் செலவிட்டோம். பழைய சோக் வைத்த டியூப்லைட் 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நொடிக்கு 100 முறை மின்னும். லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் மூன்று தாடைச் சக் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், நொடிக்கு 33 சுற்று சொச்சம், மூன்றால் பெருக்கினால் சரியாக 100. அதாவது ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு தாடை அதே இடத்தில் இருக்கும், சக் நிற்பது போலத் தெரியும். நண்பரே ஒருமுறை பார்த்திருக்கிறார், கண் கோளாறு என்று நினைத்துக்கொண்டார். மலிவான டிரைவர் போட்ட எல்ஈடியிலும் இது வரும், எல்ஈடி என்பதால் மட்டும் தப்பித்துவிட்டோம் என்று இல்லை. மொபைல் கேமராவில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பார்த்தாலே மின்னுவது தெரிந்துவிடும், அப்படிப் பார்த்துத்தான் புது விளக்கைத் தேர்ந்தெடுத்தோம்.

சாவுக்கு நோ வோல்ட் ஸ்விட்ச். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பிளேடு தானாகச் சுற்றத் தொடங்கக் கூடாது, யாராவது அழுத்தினால்தான் சுற்ற வேண்டும்.

மாலையில் மட்டும் விழுந்த விளக்கு லைன்

வயர் நுனிகளை இணைக்கும் டெர்மினேஷன் எல்லாம் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் செய்தார். மல்டி ஸ்ட்ராண்ட் வயர் நுனிகளுக்கு பெரூல் என்ற சின்ன உலோகக் குழாயை அழுத்திப் போட்டோம். ஈயம் பூசி ஸ்க்ரூவுக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள், ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும், ஸ்க்ரூ தளரும், மறுபடி பரணுக்குப் பின்னால் பார்த்த கதைதான். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் மீட்டரில், 500 வோல்ட்டில் எல்லா லைனும் 100 மெகாஓமுக்கு மேல், 1 மெகாஓம் இருந்தாலே விதிப்படி போதும். எல்லாம் சரி, கரண்ட் கொடுத்தோம், பகல் முழுக்க ஓடியது.

இருட்டியதும் விளக்கு லைனின் ஆர்சிபிஓ விழுந்தது. தூக்கி விட்டால் உடனே விழுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் நன்றாக நிற்கிறது. புது விளக்குகளில் ஒன்று கசிகிறதோ என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. மெக்கர் சுத்தமாக இருக்கும்போது இன்சுலேஷனைத் தேடுவது வீண், நியூட்ரலைத் தேட வேண்டும். மாலையில் மட்டும் என்ன மாறுகிறது என்று பார்த்தால், கராஜ் கதவுக்கு வெளியே ஒரு 9 வாட் எல்ஈடி பல்பு, அதன் ஸ்விட்ச் வீட்டுக்குள். பேஸ் வீட்டு விளக்கு லைனிலிருந்து வருகிறது. நியூட்ரலை மட்டும் வசதிக்காகக் கராஜ் டியூப்லைட்டின் பாக்ஸிலிருந்து எடுத்திருக்கிறார்கள். விளக்கு வயரிங்கின் அந்தப் பகுதியை நாங்கள் மாற்றவில்லை, பழைய பைப்பையே புது டிபிக்குத் திருப்பியிருந்தோம். ஆக, பல்பின் கரண்ட் வீட்டு வழியாகப் போய், கராஜ் ஆர்சிபிஓவின் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. 9 வாட் பல்பு என்றாலும் 39 மில்லியாம்பியருக்குக் குறையாது, 30-க்கு அறுக்கும் ஆர்சிபிஓ பார்த்துக்கொண்டு இருக்குமா? இத்தனை வருடம் வீட்டில் ஆர்சிசிபியே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. பல்புக்கு வீட்டு லைனிலிருந்தே நியூட்ரல் இழுத்ததும் நின்றது. வீட்டுப் பக்கத்துக்கும் ஒரு ஆர்சிசிபி வைக்கச் சொல்லியிருக்கிறேன், அங்கேயும் இப்படி ஒன்றிரண்டு கடன் வாங்கிய நியூட்ரல் வெளியே வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

கடைசி அளவுகள்: சாவும் உறிஞ்சியும் ஓடும்போது கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆனால் கராஜ் டிபியில் வோல்டேஜ் 215-க்குக் கீழே போகவில்லை, விளக்கு லேசாகக்கூட அசையவில்லை. ஆர்சிபிஓ எல்லாம் 30 மில்லியாம்பியரில் 300 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும், டெஸ்டரில் 20 முதல் 30-க்குள் விழுந்தன. டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்துங்கள் என்று சொன்னதோடு, அது ஆர்சிபிஓவின் உள் இயக்கத்தை மட்டும்தான் சோதிக்கும், எர்த் வயர் அறுந்திருந்தால் அதற்குத் தெரியாது என்றும் சொல்லி வைத்தேன். பழைய எர்த் கம்பியிலிருந்து பிளக்குக்கு வந்த வயரை எடுத்துவிட்டோம்.

அடுத்து நண்பர் கேட்டிருப்பது மின்சாரக் கார் சார்ஜர். அது 32 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும், 7.4 கிலோவாட். கையால் ஓட்டும் மெஷினுக்குப் போட்ட இரண்டு கை கணக்கு அதற்குப் பொருந்தாது, இந்த 40 ஆம்பியர் லைனில் சார்ஜரும் சாவும் சேர்ந்து ஓட முடியாது. மெயினிலிருந்து தனி லைன், அதற்கு முன்னால் அனுமதித்த சுமையைக் கூட்டி வாங்க வேண்டும். மண் தோண்டும்போதே கூடுதலாக ஒரு காலி பைப் போட்டுவிட்டதால் மறுபடி தோண்டும் வேலை மட்டும் இருக்காது.